பட்டன் தேயாத டயர்

விருதுநகர்
23.4.2025

அன்புத் தம்பி கிறிஸ்துராஜுக்கு அக்கா இன்பம் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நான் சுகம். டியூட்டி முடிந்து வந்தால் முழங்கால் மட்டும் என்னோடு சண்டை போடுகிறது. உன் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது, மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா என்று எழுது.

முந்தாநாள் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனைக் கட் பண்ணிவிட்டாய். அதனால்தான் கடிதம். இதைக் கட் பண்ண முடியாது. கிழிக்கலாம். ஆனால் பட்டாசுக் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் ஸ்டோர் பார்த்தவனுக்குத் தாளைக் கிழிக்கக் கை வராது என்று எனக்குத் தெரியும்.

ஈஸ்டருக்கு உன் வீட்டுக்கு வந்தபோது கார் நிற்கிற கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். மகள் பிரீத்திகாவுக்கு மாப்பிள்ளை வந்தால் புத்தம் புதுசாகக் கொடுக்க வேண்டும் என்று ஏழு வருஷத்துக்கு முன்னால் வாங்கித் தகரக் கூரைக்கு அடியில் பூட்டி வைத்தாய். மாப்பிள்ளை வரவில்லை. சீட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறை பழுத்து மஞ்சளாகிவிட்டது. உள்ளே எலிப்புழுக்கை. கதவைத் திறந்ததும் அடித்த வாடையில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. முப்பது வருஷமாக ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்க்கிறவள் சொல்கிறேன்.

ஜூன் மாதத்திலிருந்து பிரீத்திகா அந்தக் காரில்தான் காரியாபட்டிப் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போகப் போகிறாள். போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல், அதில் பாதி நாலுவழிச் சாலை. காரைக் கழுவிக்கொள்ளலாம், எலியை விரட்டிக்கொள்ளலாம். டயர் நாலும் காரோடு வந்த கம்பெனி டயர். அதை மாற்று. இதைச் சொன்னதற்குத்தான் போனைக் கட் பண்ணினாய்.

பிரீத்திகாவுக்கு என் முத்தம்.
அக்கா இன்பம்


எம். புதுப்பட்டி
3.5.2025

மரியாதைக்குரிய அக்காவுக்குத் தம்பி கிறிஸ்துராஜ் வணக்கத்துடன் எழுதுவது. நானும் பிரீத்திகாவும் சுகம். சர்க்கரை நூற்று அறுபது. மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால். உங்கள் முழங்காலுக்கு நல்லெண்ணெய் தேயுங்கள்.

கம்பெனி கேட்டில் போனை வாங்கி வைத்துவிடுவதால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோர் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை ஃபைலில் போட்டுவிட்டேன், நான் எழுதுவதற்கும் கார்பன் காப்பி எடுத்து வைக்கிறேன். எதுவும் எழுத்தில் இருப்பதே நல்லது.

அந்தக் கார் ஏழு வருஷத்தில் ஓடியது ஏழாயிரம் கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகும், வரும். டயரில் தரையைப் பிடிக்கிற பட்டன் அப்படியே இருக்கிறது. புதுசில் ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகூட இன்னும் போகவில்லை. வந்த அன்றே ஸ்டோர் சரக்குக்குப் போடுவது போல நாலிலும் வெள்ளை பெயிண்டில் கி.1, கி.2 என்று நம்பர் போட்டேன். அந்த பெயிண்டுகூட அழியவில்லை.

என் ஸ்டோரில் ஈரம் படாத சரக்கு ஒன்றாவது கெட்டு நான் பார்த்ததில்லை. மூன்று வருஷத்துப் பழைய சரங்கூட உலர்வாக இருந்தால் முதல் திரியிலேயே வெடிக்கும். அந்தக் கொட்டகையில் ஒரு பொட்டு ஈரம் கிடையாது. மழைத்தண்ணீர் பட்டால்தானே அக்கா கெடும்?

டயர்க்கடைக்காரர்களுக்கு எல்லா டயரும் பழசுதான். வாசலில் போய் நின்றாலே சாவு வீட்டில் துக்கம் விசாரிப்பது போல முகத்தை வைத்துக்கொள்வார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு எழுதாதீர்கள்.

இப்படிக்கு,
கிறிஸ்துராஜ்


விருதுநகர்
9.5.2025

அன்புத் தம்பிக்கு,

சுகந்தானே? நூற்று அறுபது என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். அது பெருமை இல்லை. நடக்கப் போ.

நீ வேண்டாம் என்று எழுதியதற்காகவே டயர்க்கடைக் கருப்பணனிடம் போய்க் கேட்டேன். அவர் மனைவியை என் வார்டில் வைத்துப் பார்த்திருக்கிறேன், என்னிடம் பொய் சொல்ல மாட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பட்டனப் பாத்து ஏமாறாதீக சிஸ்டர். ரப்பருக்கு வயசு இருக்கு. ஓடுனாலும் காயும், ஓடாட்டியும் காயும். தகரத்துக்கடியில கெடந்தா இன்னும் வெரசாக் காயும்."

உன் வெடிமருந்துக்கு ஈரம் எமன். ரப்பருக்குச் சூடுதான் எமன். எல்லாவற்றையும் பட்டாசாகவே பார்க்காதே.

டார்ச் அடித்து டயரின் பக்கவாட்டைப் பார். வயலில் வேலை செய்கிற பெண்களின் குதிகாலில் இருக்குமே பித்தவெடிப்பு, அது போல மெல்லிய கீறல்கள் ஓடும். ஈஸ்டர் அன்று நான் விரலால் தடவியே பார்த்தேன். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன், அவ்வளவு அருவருப்பு. அங்கேயே வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். அது என்ன என்று பார்த்து எழுது.

அக்கா


எம். புதுப்பட்டி
4.6.2025

அக்காவுக்கு வணக்கம்.

சீசன் ஆர்டர் குவிவதால் உடனே எழுத முடியவில்லை. எல்லோரும் சுகம். சர்க்கரை பார்க்கவில்லை.

நீங்கள் கேட்ட எண் 2218. பதினெட்டாம் வருஷத்தில் இருபத்திரண்டாவது வாரம் என்று பிரீத்திகா கணக்குச் சொன்னாள். கீறல் இருக்கத்தான் செய்கிறது, அது தோல் மட்டும். எனக்கும்தான் முகத்தில் கோடு விழுந்திருக்கிறது. என்னை யாரும் மாற்றவில்லை.

மூன்று நாளாகக் காரில்தான் போய் வருகிறாள். ஒரு குறையும் இல்லை. சாயந்திரம் வண்டி வந்து நின்றதும் நானே ஈரம் போகத் துடைத்து வைக்கிறேன். தீபாவளி முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம். பட்டன் நிறைய இருக்கிற டயரைக் கழற்றி எறிய எனக்கு மனசு வரவில்லை அக்கா. அது பாவம்.

கிறிஸ்துராஜ்


எம். புதுப்பட்டி
14.6.2025

அன்பு அத்தைக்கு,

நலமாக இருக்கிறீர்களா? முழங்கால் வலி குறைந்ததா? அப்பாவுக்குத் தெரியாமல், அவர் கம்பெனிக்குப் போன நேரம் பார்த்து இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன்.

நேற்றுச் சாயந்திரம் திடீர் மழை. விருதுநகர் தாண்டி, முன்னால் வற்றல் மூட்டை ஏற்றிப் போன லாரி மெதுவானதும் பிரேக்கை மிதித்தேன். கார் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே போனது. ஸ்டீயரிங் என் கையில் இருந்தும் இல்லாத மாதிரி இருந்தது. லாரியின் பின்பலகைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே அழுதேன் அத்தை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா துணியை எடுத்து டயரைத் துடைக்க ஆரம்பித்தார். "பாத்தியாம்மா, ஒரு பட்டன் தேயல," என்றார். என் கல்யாணத்துக்கு வாங்கிய கார் என்று ஏழு வருஷமாக இதைத்தான் தடவிக்கொண்டிருக்கிறார். எனக்கு வயது முப்பது ஆகப்போகிறது. என்னையும் அதே கொட்டகையில் உலர்வாக வைத்திருப்பது போலத்தான் தோன்றுகிறது.

நீங்கள் சொன்னால் கேட்பார்.

பிரீத்திகா


விருதுநகர்
18.6.2025

தம்பி,

நீ சுகமாகத்தான் இருப்பாய். உன் மகள் சாகாமல் வந்திருக்கிறாள், அது தெரியுமா உனக்கு? பதிமூன்றாம் தேதி மழையில் லாரிக்கு அடியில் போயிருக்க வேண்டியவள். அவளிடம் கேள். கேட்டுவிட்டு அவளைத் திட்டினால் நான் பஸ் ஏறி வந்து உன்னை உன் கம்பெனி கேட்டிலேயே வைத்துப் பேசுவேன்.

எலும்பு வார்டில் ரோட்டில் அடிபட்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். துணியைக் கத்தரித்து எடுக்கும்போது ஜல்லியும் சதையும் சேர்ந்து வரும். உனக்குச் சோறு இறங்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். பட்டன், பட்டன் என்று ரப்பர் முடியை எண்ணிக்கொண்டிருக்கிற உன்னை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இந்த வாரமே நாலையும் மாற்று. அந்தப் பழையதை இனி என் கண்ணில் காட்டாதே. யார் தலையிலாவது கட்டித் தொலை. அந்தக் கொட்டகையில் மட்டும் இருக்கக் கூடாது.

இன்பம்


எம். புதுப்பட்டி
5.7.2025

மரியாதைக்குரிய அக்காவுக்கு வணக்கம்.

சுகம். சர்க்கரை நூற்று நாற்பது. நடக்கிறேன்.

பிரீத்திகா சொன்னாள். அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. மறுநாளே லீவு போட்டுவிட்டு கருப்பணன் கடையில் நாலு புது டயரும் போட்டுவிட்டேன். ரப்பர் வாசம் தெருவரைக்கும் வருகிறது. இதற்கும் பெயிண்டில் நம்பர் போட்டேன். அவள் சிரித்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தாள்.

பழையதைக் கருப்பணன் கடையிலேயே போடச் சொன்னார். நான் விடவில்லை. நீங்கள் எழுதியபடியே தள்ளிவிட்டேன். நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கிறது. கொட்டகையும் காலி, எனக்கும் மனசு நிம்மதி. பொருள் வீணாகவில்லை.

தங்கள் தம்பி,
கிறிஸ்துராஜ்


விருதுநகர்
12.7.2025

அன்புத் தம்பிக்கு,

நூற்று நாற்பது என்று படித்ததும் சந்தோஷம். என் முழங்காலும் இந்த வாரம் என்னை மன்னித்துவிட்டது.

மாற்றிவிட்டாய், போதும். இனி எனக்குத் தூக்கம் வரும். புது டயரில் முதலில் கொஞ்ச நாள் மெதுவாக ஓட்டச் சொல்லு. காற்றை மாதத்துக்கு ஒருமுறை பார். பிரீத்திகாவுக்கு ஒரு காட்டன் சேலை எடுத்து வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லு. டயர்ப் பேச்சு இத்தோடு முடிந்தது.

அக்கா


விருதுநகர்
14.9.2025

கிறிஸ்துராஜ்,

பன்னிரண்டாம் தேதி சாயந்திரம் உங்கள் கம்பெனி விட்டு வீடு திரும்பிய பெண்கள் வந்த வேன், டயர் வெடித்து ஓடையில் சாய்ந்தது. பதினோரு பேர். உனக்குத் தெரியும். இரண்டு நாளாக நீ போனை எடுக்கவில்லை.

நாலு பேரை சிவகாசியிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அதில் மாரித்தாய் என் வார்டில் இருக்கிறாள். உங்கள் கம்பெனியில் திரி வைக்கிறவள். வலது கால் முட்டிக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்து எலும்பு வெளியே வந்துவிட்டது. கம்பி வைத்திருக்கிறார்கள். பழைய மாதிரி நடப்பாளா என்று டாக்டர் சொல்லவில்லை.

வேன் ஓட்டுகிற மணிமுத்து வராண்டாவில் நின்றுகொண்டிருந்தான். தன்மேல் தப்பில்லை என்று போலீசிடம் காட்ட, வெடித்த டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தான். ஒரு பக்கம் முழுக்கக் கிழிந்து தொங்கியது. கிழியாத பக்கத்தில் வெள்ளை பெயிண்டில் கி.3 என்று எழுதியிருந்தது.

உள்ளே போனால் மாரித்தாய் எனக்கு ஆறுதல் சொல்கிறாள். "நல்ல டயருதான் சிஸ்டர். ஒரு பட்டன்கூடத் தேயல. எங்க ஸ்டோர் சாரு சும்மா குடுத்தாக. இந்தக் காலத்துல யாரு குடுப்பாக? எங்க நேரம், வெடிச்சிருச்சு."

நான் யாருடைய அக்கா என்று அவளுக்குத் தெரியாது.

உன் மகளுக்கு ஆகாதது பதினோரு பேருக்கு ஆகுமா? விற்காத பழைய சரக்கைத் தூரத்து ஊர்க் கடைக்குத் தள்ளிவிடுகிற உங்கள் கம்பெனிப் புத்தியை இதிலும் காட்டிவிட்டாயே. உன்னோடு ஒரு வயிற்றில் பிறந்தேன் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

இன்பம்


எம். புதுப்பட்டி
20.9.2025

அக்கா அவர்களுக்கு,

18.6.2025 தேதியிட்ட தங்கள் கடிதத்தின் ஜெராக்ஸ் இத்துடன் இருக்கிறது. கடைசிப் பத்தியில் அடிக்கோடு போட்டிருக்கிறேன். "யார் தலையிலாவது கட்டித் தொலை" என்று தங்கள் கையெழுத்தில் இருக்கிறது. 12.7.2025 கடிதத்தையும் நினைத்துப் பாருங்கள். நல்ல இடத்துக்குப் போயிற்று என்று நான் எழுதியதற்கு, எந்த இடம் என்று தாங்கள் கேட்கவில்லை.

நான் விற்கவில்லை. மணிமுத்து வேனில் மொட்டை டயரைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தான். ரெண்டு வண்டிக்கும் ஒரே அளவு. மொட்டைக்கு இது மேல் என்று நினைத்துத்தான் கொடுத்தேன். அந்த வேனில் வருகிறவர்கள் எல்லோரும் என் ஸ்டோர் வாசலில் நின்று பேர் சொல்லிச் சாமான் வாங்குகிறவர்கள். அவர்களுக்குக் கெட்டது நினைப்பேனா?

மீதி மூன்றும் வேனில்தான் இருக்கின்றன. ஓடையிலிருந்து தூக்கி, கி.3 இருந்த இடத்தில் அவன் பழைய மொட்டையையே மாட்டி மறுபடி ஓட்டுகிறான். தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம்தான், அதுவரை ஓட்டிக்கொள்கிறேன் என்கிறான்.

கிறிஸ்துராஜ்


விருதுநகர்
24.9.2025

தம்பி,

ஜெராக்ஸ் கிடைத்தது. அந்த வரி என்னுடையதுதான். நீ அடிக்கோடு போடாமலே எனக்கு மனப்பாடம்.

எந்த இடம் என்று நான் ஏன் கேட்கவில்லை தெரியுமா? கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய். சொல்லியிருந்தால் அதைத் தடுக்கிற வேலை என் தலையில் விழுந்திருக்கும். பிரீத்திகா பிழைத்தாள், போதும் என்று சேலை எடுக்கக் கடைக்குப் போய்விட்டேன். முப்பது வருஷமாக வெள்ளை உடுப்புப் போட்டவள். என் மேலேயே எனக்கு நாற்றமடிக்கிறது.

மாரித்தாய் காலைத் தினமும் நான்தான் துடைத்துக் கட்டுகிறேன். தப்பித் தவறி அழுத்திவிட்டால்கூட அவள்தான் "பரவால்ல சிஸ்டர்" என்கிறாள். இன்னும் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

ஒரு மாதம் என்று எழுதியிருக்கிறாயே, ஒரு நாள்கூட ஆகக் கூடாது. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அந்த மூன்றையும் கழற்று. எவனும் திரும்ப மாட்ட முடியாதபடி உன் கையாலேயே அறுத்துப் போடு.

மாத்திரை போடு.
அக்கா


எம். புதுப்பட்டி
6.10.2025

அக்காவுக்கு வணக்கம்.

நான் சுகமில்லை. சர்க்கரையைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தை நான் ஃபைலில் போடுவதற்கு முன்னால் பிரீத்திகா வாங்கிப் படித்தாள். பிறகு ஏப்ரலிலிருந்து எல்லாக் கடிதத்தையும் வரிசையாகப் படித்தாள். போன மாதக் கடைசிச் சனிக்கிழமை காரையும் மணிமுத்து வேனையும் கருப்பணன் கடைக்குக் கொண்டுபோய், தன் காரில் இருந்த புது டயர் நாலையும் கழற்றி வேனில் மாட்டச் சொல்லிவிட்டாள். காரை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து கொட்டகையில் நாலு செங்கல் அடுக்கின் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். அவள் விடிவதற்குள் கிளம்பி மூன்று பஸ் மாறி வேலைக்குப் போகிறாள். என்னிடம் "சாப்பிட்டீகளா" என்று மட்டும் கேட்கிறாள். வேறு பேச்சு இல்லை.

பழைய மூன்றையும் அறுக்கக் கத்தி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் முழங்காலை வைத்து மடக்கிப் பார்த்தேன். பக்கவாட்டில் இருந்த கீறல் வாயைப் பிளந்து உள்ளே இருந்த நூல் தெரிந்தது. கத்தியே வேண்டியிருக்கவில்லை அக்கா. பட்டன் மட்டும் அப்படியே இருந்தது. ஏழு வருஷம் நான் துடைத்த டயர். கையெல்லாம் கருப்புப் பொடி. எத்தனை சோப்புப் போட்டும் அந்த வாடை போகவில்லை.

நேற்று ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உங்களுக்கு டியூட்டி இல்லை என்று தெரிந்துதான் வந்தேன். என்னைப் பார்த்ததும் மாரித்தாய் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. படுத்தபடியே இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். "புண்ணியத்துக்குக் குடுத்தீக சார். நீங்க எதுக்கு அம்புட்டு தூரத்துல இருந்து வந்தீக?" என்றாள். சொல்லத்தான் வந்தேன். சொல்லவில்லை. ஆரஞ்சுப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வெளியே வந்து ஆஸ்பத்திரிச் சுவரோரம் நின்று காறித் துப்பினேன். யார் மேல் என்று உங்களுக்குத் தெரியும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஃபைலை எடுத்துக்கொண்டு வருகிறேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நான் எழுதியதை நான் வாசிக்கிறேன். ஜூன் பதினெட்டாம் தேதிக் கடிதத்தை நீங்கள் வாசியுங்கள். அதற்கப்புறமும் அவள் கையைத் தூக்கினால், அது கும்பிடுவதற்காக இருக்கக் கூடாது.

காலை ஆராதனை முடிந்ததும் வந்துவிடுவேன். வார்டில் இருங்கள்.

தம்பி
கிறிஸ்துராஜ்